கேட்காமல் கொடுத்த மன்னிப்பு

ஒரே கிழமையில் மருத்துவிச்சி ஒரு வீட்டுக்கு இரண்டு தரம் வந்தால் அயல் என்ன கதைக்கும் என்பது கம்சாயினிக்குத் தெரியும். அதனால் இரண்டாம் தரம் முருங்கையிலை ஒடிக்க வந்தவள்போல வந்தாள். வவுணதீவில் முருங்கை இல்லாத வளவு எது என்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று முழித்திருப்பாள். நல்ல வேளை, யாரும் கேட்கவில்லை. வேலியடியில் நின்று சர்மிலாவைக் கைகாட்டிக் கூப்பிட்டு, கர்ப்பிணி கிளினிக்கில் எடுத்த இரத்தத்தை இன்னொரு முறை பார்க்கவேண்டியிருக்கிறது, நாளைக் காலையில் பெரியாஸ்பத்திரிக்குப் போவோம், தானும் கூட வருகிறேன் என்றாள். சீனி வருத்தமா என்று சர்மிலா கேட்டாள். அது இல்லை என்றாள் கம்சாயினி. பிறகு ஒரு கொப்பு முருங்கையை ஒடித்துக்கொண்டுதான் போனாள். சொன்ன பொய்க்கு ஒரு மரியாதை வேண்டுமே.

சர்மிலாவுக்கு முப்பத்துநான்கு வயது. வயிற்றில் இருப்பது முதல் பிள்ளை, மூன்று மாதம். முதல் கலியாணத்தில் பிள்ளை தங்கவில்லை. இரண்டாம் கலியாணத்திலும் நான்கு வருடம் காத்திருந்து கிடைத்தது. அவள் வைத்த நேர்த்திகளையெல்லாம் எழுதினால் கொப்பி போதாது. அதனால் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அவளுடைய பயமெல்லாம் அந்த ஒரு பிள்ளையைப் பற்றியதாகவே இருந்தது.

இரத்தம் இரண்டு தரம் எடுத்தார்கள். ஒரு கிழமை கழித்து, வளாகத்தின் ஒரு கரையில் இருந்த சின்ன அறைக்குள் கூப்பிட்டு இருத்தினார்கள். டொக்டர் ஒரு பெண், சுற்றிவளைக்கத் தெரியாதவர். உங்கள் உடம்பில் எச்.ஐ.வி. கிருமி இருக்கிறது என்று நேரே சொன்னார். சர்மிலா கேட்டது ஒரு கேள்விதான்: பிள்ளை? இன்றைக்கே மருந்து தொடங்கி, ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் தவறாமல் போட்டால் பிள்ளை கிருமி இல்லாமல் பிறக்கும், அப்படிப் பெற்றவர்கள் எத்தனையோ பேர் என்றார் டொக்டர். பக்கத்தில் நின்ற தாதி நஸ்ஹா ஏறாவூர்க்காரி, வாய் கொஞ்சம் நீளம். சர்மிலாவின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்:

"குளிசைய ஒழுங்காப் போட்டா எங்க எல்லாரையும் அடக்கம் பண்ணிப்போட்டுத்தான் நீங்க போவீங்க."

சர்மிலாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்த அறையில் தனக்குச் சிரிப்பு வந்ததை நினைத்து அழுகையும் வந்தது.

டொக்டர் அதற்குப் பிறகு சொன்னவை இரண்டு. ஒன்று, இந்தக் கிருமி பத்து வருடம்கூட ஒரு சத்தமும் இல்லாமல் உடம்பில் கிடக்கும், எப்போது வந்தது என்று இரத்தத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மற்றது, கணவர் வந்து தன் இரத்தத்தையும் பார்க்கவேண்டும். தனக்கு இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரிந்தால் மருந்து இருக்கிறது, தெரியாமல் திரிந்தால் எந்த மருந்தும் உதவாது. முதலாவது சர்மிலாவின் ஒரு காதால் போய் மற்றக் காதால் வந்துவிட்டது. இரண்டாவது மட்டும் தலைக்குள் நின்றது. ஏனென்றால் யார் கொண்டுவந்தது என்பதை அவள் கதிரையில் இருந்தபடியே தீர்மானித்துவிட்டாள்.

அவளைக் குற்றம் சொல்லக் கூடாது. மட்டக்களப்பின் இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது. வீடு பெண்ணுடையது, வளவு பெண்ணுடையது, கிணறும் கிணற்றுத் தண்ணீரும் பெண்ணுடையது. மாப்பிள்ளை ஒரு உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். மட்டக்களப்பார் வசிய மருந்து வைத்து மாப்பிள்ளையைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் சொல்வது சும்மா கதை; இருக்க வீடு, வட்டையில் வயல், ஆக்கிப்போட மாமியார் என்று கிடைத்தால் மருந்தே இல்லாமல் எவனும் ஒட்டிக்கொள்வான். ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு வில்லங்கம் உண்டு. வீட்டில் எது கெட்டாலும் கெடுதி வெளியிலிருந்து வந்ததாகவே இருக்கும். வெளியிலிருந்து வந்தவர் மாப்பிள்ளை ஒருவர்தான். மாடு கன்று போடாவிட்டாலும் அவருடைய காலடி, கூரை ஒழுகினாலும் அவருடைய காலடி. சர்மிலாவின் தாய் தெய்வமணி அந்தச் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிப்பவள்.

இப்போதைய மாப்பிள்ளை கேதீசன் கொக்கட்டிச்சோலைக்காரன், உழவு மெசின் ஓட்டுகிறவன், அதிகம் வாய் திறவாதவன். கலியாணம் முடித்த ஆறாம் மாதம் கட்டாருக்குப் போய் இரண்டு வருடம் லொறி ஓட்டிவிட்டுத் திரும்பினான். சர்மிலா கணக்குப் பார்த்தாள். போகும்போது எடுத்த மெடிக்கலில் அவனுக்கு ஒன்றும் இல்லை, இருந்திருந்தால் விசா அடித்திருக்கமாட்டார்கள். அப்படியென்றால் போன இடத்தில்தான். முதல் புருசன் உதயரூபனைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. எட்டு வருடத்துக்கு முன்னே அவன் செய்வினையில் போனான் என்பது அந்த வீட்டில் முடிந்துபோன கதை.

அன்று இரவு எட்டு மணிக்கு முதல் குளிசையைப் போட்டாள். பிள்ளைக்குச் சத்து மாத்திரை என்று தாய்க்குச் சொன்னாள். அதற்குப் பிறகு ஒன்பது நாள் கேதீசனை அவன் அறியாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். சோறு தின்னும்போது பார்த்தாள், கிணற்றடியில் குளிக்கும்போது பார்த்தாள். முதல் மூன்று நாள் கொதிப்பு. இவனை வெளியே போடு என்று தாயிடம் ஒரு சொல் சொன்னால் போதும், அவனுடைய பெட்டி வேலிக்கு வெளியே கிடக்கும். ஆனால் பெட்டியோடு அவனும் போவான், பிள்ளை தகப்பன் இல்லாமல் பிறக்கும், அவனும் தனக்கு என்னவென்று தெரியாமல் எங்கேயாவது கிடந்து சாவான். நாலாம் நாள் கொதிப்பு இறங்கியது. ஆறாம் நாள் மன்னித்துவிடலாம் என்று பட்டது. ஒன்பதாம் நாள் அந்த மன்னிப்பு மனப்பாடமாகிவிட்டது. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் கையைப் பிடிக்க வேண்டும் என்பதுகூடத் தீர்மானமாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், தன்னுடைய பெருந்தன்மையில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பத்தாம் நாள் மத்தியானம் சோற்றுப் பார்சலை ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு வட்டைக்குப் போனாள். சிறுபோக வேளாண்மை முழங்காலளவு வளர்ந்து நின்றது. வயல் காவலுக்குப் போட்ட வாடிக்குள் கேதீசன் ஒருவன்தான் இருந்தான். அவன் பாதிச் சோறு தின்னும்வரை பொறுத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்காம். ஆஸ்பத்திரியில ரெண்டு தரம் பாத்துப்போட்டாங்க. குளிசை தந்திருக்காங்க, போடுறன். புள்ளைக்கு ஒண்டும் வராதாம்."

கேதீசன் கையைக் கழுவினான். வரம்பில் கொக்கொன்று வந்து இறங்கி, ஒன்றும் கிடைக்காமல் எழும்பிப் போனது.

"கட்டாரில ஒரு பிழை விட்டுட்டன்."

"நான் கேக்கல்ல," என்றாள் சர்மிலா. "எனக்கு ஒண்டும் சொல்லத் தேவல்ல. மன்னிச்சிட்டன். நீங்க வந்து ரத்தம் குடுத்தாச் சரி. எனக்கு நீங்க இருக்கோணும்."

ஒத்திகை பார்த்ததில் கடைசி வாக்கியம் இருக்கவில்லை. அது தானாக வந்தது. கேதீசன் அழுதான். நான்கு வருடத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. மன்னிப்பது எவ்வளவு சுகமான வேலை என்று அவளுக்கு அப்போது விளங்கியது.

ஆனால் அழுத மனிதன் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. கண்ணகி அம்மன் கோயில் கதவு திறக்கிற கிழமை அது. வருடத்தில் ஒரு தரம், வைகாசியில் திறந்து எட்டு நாள் சடங்கு நடக்கும். காப்புக் கட்டியவர்கள் கடைசி நாள் குளிர்த்தி பாடி முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, வீட்டில் படுக்கவும் கூடாது. கேதீசன் அந்த வருடம் காப்புக் கட்டினான். பிள்ளைக்காக வைத்த நேர்த்தி என்றான். மாமியாருக்கு மனம் குளிர்ந்தது. சர்மிலாவுக்கு வயிறு பற்றி எரிந்தது. குளிர்த்தி முடிய வருவேன் என்று அவன் சொன்னதை நம்புவதா விடுவதா என்று தெரியவில்லை. தனக்கு இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரியவந்துவிடும் என்ற பயத்தில் ஆண்கள் ஓடிப்போவதுண்டு என்று நஸ்ஹா சொல்லியிருந்தாள். தெரியாதவரைக்கும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா. கேதீசனுடைய பாஸ்போட்டில் இன்னும் ஆறு வருடம் கிடந்தது. அலுமாரிக்குள் அது இருக்கிறதா என்று எட்டு நாளும் காலையும் மாலையும் திறந்து பார்த்தாள். அம்மாளே, இந்த மனிசனைக் கொண்டுபோய் அந்தக் கதிரையில் இருத்திவிடு, மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கோயில் வாசலில் நின்று கும்பிட்டாள். அம்மாளுக்கு எத்தனையோ வேண்டுதல் வந்திருக்கும், இப்படி ஒன்று வந்திருக்காது.

குளிர்த்தி முடிந்த மறுநாள் காப்பை அவிழ்த்துவிட்டு வந்து, வெள்ளைச் சேட்டு எங்கே என்று கேட்டான். சர்மிலா அதைப் பத்து நாளைக்கு முன்னமே அயன் பண்ணி வைத்திருந்தாள்.

சின்ன அறைக்கு வெளியே வந்தவர்கள் இருக்க ஒரு வாங்கு. கேதீசனை நஸ்ஹா உள்ளே கூட்டிப் போனாள். ஒருவருடைய முடிவை அவருக்கு மட்டும்தான் சொல்வோம், மனைவிக்குச் சொல்வது அவருடைய விருப்பம் என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். இரத்தம் எடுத்தார்கள், வெளியே இருக்கச் சொன்னார்கள், திரும்பக் கூப்பிட்டார்கள். இரண்டாம் முறை போனவன் முக்கால் மணித்தியாலம் வெளியே வரவில்லை. கிருமி இல்லாத ஆளோடு முக்கால் மணித்தியாலம் கதைக்க டொக்டருக்கு என்ன இருக்கிறது? சர்மிலா அந்த வாங்கில் இருந்தபடியே இரண்டு பேருக்குமாகத் தைரியத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

கதவைத் திறந்துகொண்டு வந்தவனுடைய கண் சிவந்திருந்தது. முகம் வீங்கியிருந்தது. எதையோ சொல்ல வாயெடுத்தான்.

"ஒண்டும் சொல்லத் தேவல்ல," என்று சொல்லி, அங்கே காத்திருந்த அத்தனை பேர் பார்க்க அவன் கையைப் பிடித்தாள். கலியாணத்தன்று பந்தலுக்குள் பிடித்தபிறகு நாலு பேர் முன்னிலையில் அவள் அந்தக் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்குத் திரும்பும்போது வலையிறவுப் பாலத்தில் காற்று அள்ளிக்கொண்டு போனது. வாவியில் இரண்டு தோணி நின்றது. சர்மிலா மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து, அவன் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். மருந்து இருக்கிறது, நானும் போடுகிறேன், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போடுவோம், ஒருவர் மறந்தால் மற்றவர் ஞாபகப்படுத்தலாம் என்று காதோடு சொல்லிக்கொண்டு வந்தாள். தனியாகச் சுமந்த பாரத்துக்குத் துணை கிடைத்ததில் ஒரு ஆறுதல் இருந்தது. அது ஆறுதலா பாவமா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேதீசன் ஒரு தரம் தலையைத் திருப்பி அவளுடைய பெயரைச் சொன்னான். ரோட்டைப் பார்த்து ஓட்டுங்கள் என்றாள். அவனும் ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

இரவு எட்டு மணிக்குத் தெய்வமணி முன்னறையில் டீவி நாடகத்துக்கு முன்னால் இருந்தாள். அந்த நேரத்தில் வீட்டுக்குத் தீப்பிடித்தாலும் விளம்பரம் போகும்போதுதான் எழும்புவாள். சர்மிலா அறைக்குள் வந்து கதவைச் சாத்தி, குளிசைப் போத்தலை எடுத்தாள்.

கேதீசனுக்கு மருந்து எப்போது தருவார்கள் என்று கேட்டாள். மூன்று மாதத்தில் திரும்ப வரச் சொன்னார்கள் என்று மட்டும் அவன் சொன்னான். சர்மிலாவுக்கு விளங்கவில்லை. தனக்கு அன்றைக்கே தந்தவர்கள் இவனுக்கு ஏன் மூன்று மாதம் இழுக்கிறார்கள்? கிருமி மூன்று மாதமும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்குமா? நாளைக்கே போய் நஸ்ஹாவைப் பிடித்துக் கேட்பது என்று முடிவு செய்தாள். அதுவரைக்கும் சும்மா விடுவதா? போத்தலைச் சரித்து ஒரு குளிசையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இத இப்ப போடுங்க. எனக்குக் குறைஞ்சா அவங்களிட்ட வாங்குவன்."

கேதீசன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். பிள்ளைக்கென்று கொடுத்த மருந்தில் தனக்குப் பங்கு வைக்கிறவளிடம் அதற்கு மேல் மறைக்க அவனால் முடியவில்லை.

"சர்மிலா, எனக்கு இல்ல."

"என்ன இல்ல?"

"கிருமி. என்ட ரத்தத்தில ஒண்டும் இல்லையாம். மூணு மாசத்தில மறுகா ஒருக்காப் பாக்கோணுமாம், அதுதான் வரச் சொன்னவ."

முன்னறையில் விளம்பரம் போனது. சவர்க்காரத்துக்கு ஒரு பெண் பாடினாள். சர்மிலா கட்டிலின் விளிம்பில் இருந்தாள்.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோசம். அது வந்த வேகத்திலேயே கணக்கு வந்து அதை மறித்தது. இவனிடம் இல்லையென்றால் இவனிடமிருந்து வரவில்லை. இந்த வீட்டுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் இங்கே நிற்கிறான். மற்றவனுக்கு எட்டுத் திவசம் கொடுத்தாகிவிட்டது.

உதயரூபன் கொழும்பில் கட்டட வேலை செய்தவன். கடைசித் தரம் வந்தபோது காய்ச்சலோடு வந்தான். இருமல் நிற்கவில்லை. ஆள் எலும்பாகிப் போனான். வாயெல்லாம் வெள்ளை படர்ந்து கிடக்க, சர்மிலா கரண்டியால் கஞ்சி பருக்கினாள். தெய்வமணி குறி கேட்டு வந்து, கிணற்றடியைக் கிண்டச் சொன்னாள். கிண்டிய இடத்தில் ஒரு செப்புத் தகடும் அகப்பட்டது. தகடு எடுத்த வீட்டில் இரத்தம் எடுத்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்? செய்வினை நீங்கக் கழிப்புக் கழித்தார்கள், அவன் மூன்றாம் மாதம் செத்தான். எனக்கு என்ன வருத்தம் என்று சாகிறவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தான். செய்வினை என்றார்கள், நம்பினான். தன்னுடைய வருத்தத்தின் பெயர் தெரியாமலே போனான். பெண்சாதிக்கு எதை விட்டுப்போகிறான் என்பதும் அவனுக்குத் தெரியாது. சர்மிலாவுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அந்தக் கஞ்சிக் கோப்பையை நினைத்து நெஞ்சு வலித்தது.

பிறகு பயம் வந்தது, முழுசாக. கட்டாரில் இருந்த நாள் போக இரண்டு வருடம் இவனுக்குப் பக்கத்தில் படுத்தவள் அவள். இவனுக்கு வந்திருந்தால் கொடுத்தது அவளாக இருந்திருக்கும். மன்னிக்கிறவளாகவே இத்தனை நாள் நடந்து திரிந்தாளே, அந்த நடையை நினைக்க உடம்பு கூசியது. மன்னிக்கத்தான் அவள் ஒத்திகை பார்த்திருந்தாள். மன்னிப்புக் கேட்க ஒரு சொல்கூடத் தயாராக இல்லை.

"அப்ப என்னட்டத்தான் இருந்திருக்கு," என்றாள். "உதயரூபன்ட காலத்திலயே வந்திருக்கு. எனக்குத் தெரியா. சத்தியமாத் தெரியா."

"தெரியும்," என்றான் கேதீசன். "டொக்டர் பழசெல்லாம் கேட்டுக் கேட்டு விளங்கப்படுத்தினவ. அதுதான் அவ்வளவு நேரம் போனது."

"நீங்க போறதெண்டாப் போங்க. அம்மாக்கு நான் சொல்லிக்கிறன். உங்களில பிழை இல்ல எண்டு நான் சொல்லுவன்."

அந்த வீட்டில் ஒரு மாப்பிள்ளைக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடைக்காது. அதைச் சொல்லிவிட்டுச் சர்மிலா தலையைக் குனிந்தாள். அவன் எழும்புவான், அலுமாரியைத் திறப்பான், பெட்டியை எடுப்பான் என்று காத்திருந்தாள். அவன் எழும்பினான். மேசையில் இருந்த செம்பிலிருந்து தண்ணீரை வார்த்து, கோப்பையை அவளுக்கு முன்னால் நீட்டினான். மற்றக் கையில் அந்தக் குளிசை இருந்தது.

"முதல்ல இதப் போடு. எட்டு மணி தாண்டிட்டுது."

சர்மிலா குளிசையை எடுத்து வாயில் போட்டாள். தண்ணீரைக் குடித்தாள். அழுகையும் தண்ணீரும் சேர்ந்து புரையேற, அவன் தலையில் தட்டினான். அவனை விடமுடியாமல் சேட்டைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அழுதாள். நாடகத்தில் யாரோ அதைவிடப் பலமாக அழுததால் தாய்க்குக் கேட்கவில்லை.

அழுது தீர்ந்தபிறகுதான் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"இத ஏன் ஆஸ்பத்திரியிலயே சொல்லல்ல? பாலத்தில சொல்லியிருக்கலாமே."

"நீ சொல்ல விடல்லயே."

"அது காலையில. பின்னேரம் முழுக்க வாயில என்ன வச்சிருந்தீங்க?"

கேதீசன் நாடியைத் தடவினான். பொய் சொல்லத் தெரியாதவன் உண்மையைச் சொல்லவும் கஷ்டப்படுவான்.

"நீ முதுகத் தடவிக்கொண்டு வந்தாய். கட்டாரில செஞ்சதுக்கும் சேத்து மன்னிச்ச மாதிரி இருந்திச்சு. கிருமி இல்ல எண்டு சொன்னா அந்த மன்னிப்பும் இல்லாமப் போயிருமோ எண்டு பயந்துட்டன்."

சர்மிலா சேட்டிலிருந்து கையை எடுத்தாள்.

வாடியில் அவன் சொல்ல வந்ததை அவள் கேட்கவில்லை. ஆர், எங்கே, எத்தனை தரம், ஒன்றும் கேட்கவில்லை. வருத்தக்காரனிடம் விசாரணை வைப்பது அழகில்லை என்று மொத்தமாக மன்னித்துவிட்டாள். இப்போது முன்னால் நிற்பவன் வருத்தக்காரன் இல்லை. நல்ல சுகதேகி. கலியாணம் முடித்து ஆறு மாதத்தில் கட்டாருக்குப் போய், இவள் இங்கே கோயில் கோயிலாகப் பிள்ளைக்கு நேர்த்தி வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அங்கே ஒரு பிழை விட்டுவிட்டு வந்த சுகதேகி. அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை நாளும் பயமும் பரிதாபமும் மூடிக்கிடந்த கோபம், இப்போது ஒரு கலப்பும் இல்லாமல், எந்த வீட்டுப் பெண்சாதிக்கும் வருகிற மாதிரிச் சுத்தமாக வந்தது. வயிற்றில் பிள்ளையும் உடம்பில் கிருமியும் கையில் ஈரக் கோப்பையுமாக இருந்தவளுக்கு அந்தக் கோபத்தில் எங்கேயோ ஒரு சந்தோசமும் இருந்தது. அதை அவள் வெளியே காட்டவில்லை.

"அவ ஆர்?" என்றாள்.

"ஒரு பிலிப்பைன்ஸ்காரி. கடையொண்டில நிண்டவ. பேர் எனக்குச் சரியாத் தெரியா."

"பேர் தெரியாதா?"

அதை எப்படிச் சொன்னாளோ, முன்னறையில் நாடகத்தின் சத்தம் குறைந்தது. தெய்வமணி அங்கிருந்தபடியே கேட்டாள்.

"என்ன புள்ள சத்தம்? மருமகன் என்ன செஞ்சார்?"

கேதீசன் கதவைப் பார்த்தான். சர்மிலாவும் கதவைப் பார்த்தாள். ஒரு சொல் போதும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

"ஒண்டும் செய்யல்ல அம்மா," என்றாள் சர்மிலா. "நாங்க சும்மா கதைக்கிறம். நீங்க நாடகத்தப் பாருங்க."

நாடகத்தின் சத்தம் மெல்ல ஏறியது. சர்மிலா கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். கேதீசன் வந்து இருந்தான்.

"இப்ப சொல்லுங்க. முதல்ல இருந்து கடைசிவரைக்கும் சொல்லுங்க."

"சொன்னா மன்னிப்பியா?"

"அது எனக்கு இப்ப தெரியா," என்றாள் சர்மிலா. "முதல்ல சொல்லுங்க. ஒண்டும் தெரியாம மன்னிக்க இனி என்னால ஏலா."